அரை அட்டை

தங்கை மகன் ஓசூர் பஸ் பிடிக்கும் அவசரத்தில்
என் போனில் அதை ஏற்றிவிட்டுப் போனான்.
பச்சைப் பெட்டி, மேலே ஒரு கூட்டல் குறி.
"வீட்ல என்ன மாத்திரை இருக்கு, எது தீந்துச்சு,
இனிமே எல்லாம் இதுவே சொல்லும் பெரிம்மா."

சொல்லும்தான்.
முதலில் நான் அதற்குச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை.
மாங்கூழ் ஆலையில் டேங்கர் எடுக்கப் போயிருந்தார் அவர்.
ஃபிரிட்ஜ் மேலிருந்த ஸ்வீட் டப்பாவைத்
தரையில் கவிழ்த்தேன்.
மூடி ஒட்டிப்போன இருமல் டானிக்,
குக்கர் ஆவி அடித்த வருடத்துக் களிம்பு,
அணை ரோட்டு நாய் கடித்ததற்குப் போட்ட
ஊசிகளின் சீட்டு,
பாதியில் வெட்டிய ஓர் அட்டையில்
நாலு வெள்ளை மாத்திரை. பேர் தெரியாது.

தாலுகா ஆபீஸில் பதினாறு வருடம்
பதிவேடு பார்த்த கை இது.
வரிசை எண் போடாமல் எதையும் அடுக்காது.

யாருக்கான மருந்து என்று கேட்டது.
உறவைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கியது.
கணவர் நாலாவதாக இருந்தார்,
செல்லப்பிராணிக்கு ஒரு படி மேலே.
திம்மராயன், ஐம்பத்தொன்று என்று அடித்தேன்.

கண் சொட்டு மருந்துக்குத் திறந்த தேதி வேண்டுமாம்.
பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா?
குப்பைக்கூடைக்கு அந்தக் கேள்வி இல்லை.

சர்க்கரை மாத்திரைக்கு வந்தேன்.
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
வாங்கிய நாளைக் கொடுத்ததும் கணக்குப் போட்டு
மீதி பதினொன்று என்றது.
அட்டைகளில் இருபத்தேழு.
கண்ணை நம்பாமல்
விரலால் ஒவ்வொரு குமிழாகத் தடவி எண்ணினேன்.
இருபத்தேழுதான்.

குறைந்தால் கடைக்குப் போகலாம்.
மிஞ்சினால் எங்கே போவது?
"போட்டாச்சு, போட்டாச்சு" என்று
எட்டு நாளாகப் பல் தேய்த்துக்கொண்டே சொன்ன வாய்.

விளக்கு வைத்த பிறகு வந்தார்.
சட்டையெல்லாம் மாம்பழ வாசனை,
அதன் மேலே டீசல்.
நான் எதுவும் கேட்கவில்லை.
போனை மட்டும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பதினொன்றையும் இருபத்தேழையும் பார்த்தார்.
ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"தொப்பூர் இறக்கத்துல ஒரு நாள் கண்ணு இருட்டிச்சு.
சாப்பிடாம போட்டுட்டேன் போல.
பின்னாடி இருபது டன் கூழு.
அதுலருந்து வண்டி எடுக்கற நாள்ல போடறதில்ல."

தவறிய காரணம்: மறந்துவிட்டேன், தீர்ந்துவிட்டது,
வெளியூரில் இருந்தேன்.
மூன்றுதான் வைத்திருந்தார்கள்.
இறக்கம் என்று ஒன்று இல்லை.
நாளைக்கு டாக்டரிடம் இதை அப்படியே
சொல்லிவிடுவோம் என்றேன்.
ம், என்றார். மோரை ஊற்றச் சொன்னார்.

கை கழுவி வந்தவர்
டப்பாவை எட்டிப் பார்த்தார்.
எல்லாம் நிமிர்ந்து நின்றன, புது மாணவர்கள் மாதிரி.
மூலையில் அந்த அரை அட்டை மட்டும் படுத்திருந்தது.
"இது யாருது?"

பேர் தெரியாது என்று மேலே எழுதினேன்.
தெரியும்.
ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்கும்போது
பக்கத்தில் அவர் குறட்டையை எண்ணுவேன்.
எண்ணியும் அடங்காத மாதத்தில்
ரவுண்டானா பக்கம் நூருல்லா கடையில்
டாக்டர் எழுதிய பத்தில் நாலு போதும் என்று
வெட்டச் சொன்னது நான்தான்.
கத்தரிக்கோல் போன வழியில்
பேரும் போனது, காலாவதித் தேதியும் போனது.
மீதி ஆறு இப்போது யார் வீட்டிலோ,
பழையபேட்டையிலோ காவேரிப்பட்டணத்திலோ,
என் தேதியோடு இருக்கிறது.
அங்கும் ஒருத்தி விழித்திருப்பாளோ என்னவோ.

பட்டியலில் முதல் வரியே 'நான்'.
பகலெல்லாம் அதைத் தாண்டித்தான் இறங்கியிருக்கிறேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
அட்டையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
ஓரத்தில் ஏதோ அச்சு, பாதி எழுத்து.
"ஏழுன்னு முடியுது.
முன்னாடி என்னன்னு தெரியல.
நீ உக்காரு, முதல்ல சொல்லு,
எத்தனை நாளா?"

போன் அணைந்திருந்தது.
அதைத் தொடவில்லை.
மார்ச்சிலிருந்து, என்றேன்.